கட்டுச்சோறும் கற்ற சொல்லும்

வெளியூர் செல்பவன் கையில் ஒரு மூட்டை இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் விட்டு ஊர் சென்ற காலத்தில், புளிச்சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு, கூஜாவில் தண்ணீரும் எடுத்துக்கொண்டே மக்கள் புறப்பட்டனர். வழியில் சத்திரம் அடைத்திருக்கலாம், குளம் வற்றியிருக்கலாம், வண்டியின் அச்சு முறிந்து போகலாம். அப்போது கைகொடுப்பது அந்தக் கட்டுச்சோறுதான். அதைப் பற்றி நம் முன்னோர் ஒரு பழமொழியும் சொல்லி வைத்தனர். ‘கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?’ என்பது அது. பிறர் கட்டிக் கொடுத்த சோறு ஒரு வேளைக்கோ இரு வேளைக்கோதான் வரும். பிறர் கற்றுக் கொடுத்த சொல்லும் அப்படியே என்பது அதன் கருத்து.

நேயர்களே, இப்பழமொழியின் முற்பாதியோடு எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் 35 ஆண்டுகள் கரும்பலகைக்கு முன் நின்றவன் என்ற முறையில், அதன் பிற்பாதியோடு எனக்குச் சிறிது வழக்கு உண்டு. கற்றுக் கொடுத்த சொல் நில்லாது என்றால், ஆசிரியர் தொழிலுக்கே பொருள் இல்லாமற் போகும் அல்லவா? இந்த வழக்கை ஆகாய விமானப் பிரயாணத்தின் வரலாற்றிடம் கொண்டு செல்ல விரும்புகிறேன். விபத்து நேர்ந்தால் உயிர் பிழைப்பதற்கென்று விமானத்தில் சென்றவர்கள் தங்களுடன் எதை எடுத்துச் சென்றார்கள்? எடுத்துச் சென்றது உதவியதா? அது உதவாதபோது எது உதவிற்று? என்னிடம் பயின்றவர்களில் பலர் மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் கடல் கடந்து செல்கின்றனர். ‘ஐயா, கைப்பையில் எதை வைத்துக்கொள்ள வேண்டும்?’ என்று அவர்கள் கேட்பதுண்டு. எக்கேள்விக்கும் வரலாற்றில் விடை தேடுவது என் வழக்கம்.

யாரையும் அச்சுறுத்துவது என் நோக்கமன்று. பிரயாண முறைகளுள் விமானப் பிரயாணம் இன்று மிகவும் பாதுகாப்பானவற்றுள் ஒன்று. அது அந்நிலையை அடைந்ததற்கு முன்னோர் பட்ட பாடும் ஒரு காரணம் என்பதையே சொல்ல வந்தேன்.

1903 டிசம்பர் 17 ஆம் நாள் ஆர்வில் ரைட் முதன்முதலாகப் பறந்தபோது, 12 வினாடிகளில் 120 அடி தூரமே சென்றார். அந்தப் பிரயாணத்திற்கு மூட்டை எதுவும் வேண்டியிருக்கவில்லை. தம்பி விழுந்திருந்தாலும் அண்ணன் வில்பர் சில அடிகள் நடந்து சென்று தூக்கிவிட்டிருக்கலாம். விமானங்கள் கடலையும் பாலைவனத்தையும் தாண்டத் தொடங்கிய பிறகுதான் கட்டுச்சோற்றின் கேள்வி எழுந்தது.

அக்கேள்விக்கு மிகக் கருத்தாக விடை கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் லிண்ட்பர்க். 1927 மே 20 ஆம் நாள் அவர் நியூயார்க்கிலிருந்து தனியொருவராகப் புறப்பட்டு, ஏறத்தாழ 33½ மணி நேரத்தில், 3,600 மைலுக்கு அப்பாலுள்ள பாரிஸ் நகரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 25. பெட்ரோலைச் சுமக்கவே விமானத்திற்கு ஆற்றல் போதாது. ஆகையால் ஒவ்வோர் அவுன்ஸ் எடையையும் அவர் கணக்கிட்டார். வானொலிக் கருவி வேண்டாம் என்றார். பாராசூட்டும் வேண்டாம் என்றார். தேசப்படங்களின் ஓரங்களைக் கூடக் கத்தரித்து எறிந்தார். பிரம்பு நாற்காலியில் அமர்ந்து பறந்தார்.

இவ்வளவு சிக்கனக்காரர் எவற்றை விட்டுச் செல்லவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. காற்று அடைக்கும் ரப்பர்ப் படகு ஒன்றும் அதற்குரிய பம்பும் வைத்திருந்தார். கைவிளக்கு இரண்டு, கயிற்றுருண்டை, நூலுருண்டை, வேட்டைக் கத்தி, இரும்பறுக்கும் வாள் அலகு, நீர் புகாதபடி அடைத்த நான்கு சிவப்புத் தீப்பந்தங்கள், தீக்குச்சிப் பெட்டி, பெரிய ஊசி ஒன்று, இராணுவ அவசர உணவு ஐந்து டின் ஆகியவை இருந்தன. வழியில் குடிக்க ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். விபத்து நேர்ந்தால் குடிக்க வேறு நான்கு லிட்டர். மூச்சுக் காற்றின் ஈரத்தைத் திரட்டிக் குடிநீராக்கும் கருவி ஒன்றையும் அவர் எடுத்துச் சென்றார். வழியில் உண்பதற்கு ஐந்து சாண்ட்விச்சுகள். அவ்வளவே.

மாணவர்களே, இப்பட்டியலை ஒரு முறை வகைப்படுத்திப் பாருங்கள். மிதக்க, குடிக்க, தீ மூட்ட, அறுக்க, கட்ட, தைக்க, பிறருக்கு அடையாளம் காட்ட என்று ஒவ்வொரு பொருளும் ஒரு கேள்விக்கு விடையாக நிற்கிறது. உணவைவிடத் தண்ணீருக்கும் அடையாளத்திற்கும் அவர் தந்த இடம் பெரிது. பாரிஸில் இறங்கியபோது இவற்றில் எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஆயினும், பயன்படாமற் போன ஏற்பாடு வீணான ஏற்பாடு அன்று.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியைக் காண்கிறோம். பிரெஞ்சு எழுத்தாளரும் விமானியுமான செயிண்ட் எக்சூபெரி, பாரிஸிலிருந்து சைகோன் வரை விரைந்து பறக்கும் போட்டியில் ஈடுபட்டார். 1935 டிசம்பர் 30 ஆம் நாள் இரவில் அவரது விமானம் லிபியப் பாலைவனத்து மணல்மேட்டில் மோதிச் சிதைந்தது. அவரும் அவருடைய இயந்திர நிபுணர் பிரவோவும் காயமின்றிப் பிழைத்தனர். ஆனால் தண்ணீர்த் தொட்டி உடைந்து, இருந்த நீரை எல்லாம் மணல் குடித்துவிட்டது. எஞ்சியவை சிறிது காப்பி, சிறிது திராட்சை மது, சில திராட்சைகள், ஓர் ஆரஞ்சு. ஒரு நாளைக்குக் கூடப் போதாத கட்டுச்சோறு! பாராசூட் துணியை இரவில் மணல்மேல் விரித்துப் பனிநீரைச் சேர்த்தனர். அந்த நீரும் கெட்டு வாந்தியை உண்டாக்கியது. கானலைத் தண்ணீர் என்று நம்பி நடந்தனர். நான்காம் நாள், ஒட்டகத்தில் வந்த பெடூயின் ஒருவர் அவர்களைக் கண்டு தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார். தம் 1939 ஆம் ஆண்டு நூலில் செயிண்ட் எக்சூபெரி இதனை விரிவாக எழுதியுள்ளார். அவர்களைக் காத்தது கொண்டு சென்ற பொருள் அன்று. முன்பின் அறியாத ஒரு மனிதரின் இரக்கம்.

இரண்டாம் உலகப் போரில் நிகழ்ந்த மற்றொன்று நமக்கு வேறொரு பாடம் புகட்டுகிறது. முதல் உலகப் போரில் பெயர் பெற்ற விமானியான எட்டி ரிக்கன்பாக்கர், 1942 அக்டோபர் 21 ஆம் நாள், பசிபிக் கடலில் வழி தவறி எரிபொருள் தீர்ந்த ஒரு விமானத்தில் இருந்தார். உடன் இருந்தவர்கள் எழுவர். கடலில் இறங்குவதென்று முடிவானதும், தண்ணீரையும் உணவையும் கையெட்டும் இடத்தில் எடுத்து வைத்தனர். விமானம் கடல் மேல் மோதியது. உள்ளே நீர் புகுந்தது. எட்டுப் பேரும் மூன்று ரப்பர்ப் படகுகளில் ஏறினர். ஏறிய பிறகுதான் தெரிந்தது, எடுத்து வைத்த தண்ணீரும் உணவும் விமானத்திலேயே தங்கிவிட்டன என்பது. கையில் தப்பியவை நான்கு ஆரஞ்சுப் பழங்கள்.

அந்த நான்கு பழங்களைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுப் பல நாள் உண்டனர். மீன் பிடிக்கத் தூண்டில் இருந்தது, இரை இல்லை. எட்டாம் நாள் அளவில் ஒரு கடற்பறவை ரிக்கன்பாக்கரின் தொப்பிமேல் வந்து அமர்ந்தது. அதைப் பிடித்து இறைச்சியைப் பங்கிட்டு, குடலை இரையாக்கி மீன் பிடித்தனர். மழை பெய்தபோது தங்கள் உடைகளை நனைத்துப் பிழிந்து நீரைச் சேர்த்தனர். ஒருவர் இறந்தார். ஏனைய எழுவரும் பிழைத்தனர். ரிக்கன்பாக்கரின் படகு மீட்கப்பட்டது 24 ஆம் நாள். சேமித்து வைத்தல் வேறு, ஆபத்து நேரத்தில் அது கையில் இருத்தல் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

உயிர்காப்புப் பொருள் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற உண்மையை, அதே போரில் பிரிட்டிஷ் இராணுவத்தின் எம்.ஐ. 9 என்ற பிரிவு நன்கு செயற்படுத்தியது. அதில் பணியாற்றிய கிளேட்டன் ஹட்டன், பகைவர் நாட்டில் விழும் விமானிகளுக்கென்று, சட்டைப் பையில் அடங்கும் தட்டையான சிறு பெட்டி ஒன்றை அமைத்தார். ஹார்லிக்ஸ் மாத்திரை, சாக்லேட், நீரைத் தூய்மையாக்கும் மாத்திரை, நீர் முகக்க ரப்பர்ப் பை, தீக்குச்சி முதலியவை அதில் இருந்தன. தேசப்படங்களைப் பட்டுத்துணியில் அச்சிட்டனர். பட்டு நனைந்தாலும் கிழியாது; மடித்தாலும் சலசலக்காது. சட்டைப் பொத்தானுக்குள் திசைகாட்டியை ஒளித்தனர்.

சீனத்தில் போரிட்ட அமெரிக்க விமானிகள் இன்னும் ஒரு விசித்திரமான பொருளை அணிந்தனர். சட்டையின் முதுகுப் புறத்தில் ஒரு துணியைத் தைத்துக்கொண்டார்கள். ‘இவன் உங்களுக்கு உதவ வந்தவன், இவனைக் காப்பாற்றுங்கள்’ என்ற கருத்தில் சீன எழுத்தில் அதில் எழுதியிருந்தது. நம் அசாமிலிருந்து இமயமலைத் தொடரின் கிழக்குக் கோடியைத் தாண்டிக் குன்மிங் நகருக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற விமானிகளுக்கும் இத்தகைய துணிகள் கொடுக்கப்பட்டன. பாலைவனத்தில் பெடூயின் செய்த உதவியை நினைவிற்கொள்ளுங்கள். மனிதன் மனிதனிடம் உதவி கேட்கும் சொல்லும் ஓர் உயிர்காப்புப் பொருளே என்பதை அப்போர் உணர்த்தியது.

போர் முடியும் தறுவாயில், 1944 டிசம்பர் 7 ஆம் நாள், சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி விமானப் போக்குவரத்து உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதன் வழியே அமைந்த சர்வதேச விமானப் போக்குவரத்து நிறுவனம் பல பொது விதிகளை வகுத்தது. கடலைத் தாண்டும் விமானத்தில் ஒவ்வொரு பிரயாணிக்கும் உயிர்காப்பு அங்கி, நெடுந்தூரம் கடல்மேல் செல்வதாயின் மிதவைப் படகு, அடையாளம் காட்டும் கருவி ஆகியவை இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டமாயிற்று. லிண்ட்பர்க் தாமே கட்டிய மூட்டையை இப்போது விமானமே சுமக்கிறது. பிரயாணிக்கு எஞ்சியது ஒரே கடமை. விமானம் புறப்படுமுன் பணிப்பெண் எழுந்து நின்று சொல்லும் நான்கு வார்த்தைகளைக் காது கொடுத்துக் கேட்டல்.

அந்தக் கடமை எவ்வளவு பெரிது என்பதை 1996 நவம்பர் 23 ஆம் நாள் உலகம் கண்டது. கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவின் கரையோரக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 175 பேரில் பிழைத்தவர் 50 பேர். உயிர்காப்பு அங்கிக்குக் குறைவில்லை. ஆனால் விமானத்தை விட்டு வெளியேறிய பிறகே அதில் காற்றை நிரப்ப வேண்டும் என்பது விதி. பலர் அச்சத்தில் உள்ளேயே நிரப்பிவிட்டனர். நீர் புகுந்தபோது அங்கி அவர்களை மேற்கூரையோடு சேர்த்து அழுத்தியது. அவர்களால் மூழ்கி நீந்திக் கதவை அடைய முடியவில்லை. காக்க வந்த பொருளே சிறையாயிற்று. இங்கே சோறு இருந்தது. சொல்தான் நில்லாமற் போயிற்று. பழமொழியின் பிற்பாதிக்கு இது ஒரு சான்று என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எதிர்ச் சான்றும் உண்டு. அது ஒரு பள்ளி மாணவியைப் பற்றியது. 1971 டிசம்பர் 24 ஆம் நாள் பெரு நாட்டின் தலைநகரான லிமாவிலிருந்து புறப்பட்ட விமானத்தில் ஜூலியானே கோப்கே என்ற 17 வயதுப் பெண் தன் தாயுடன் சென்றாள். அமேசான் காட்டின் மேல் மின்னல் தாக்கி விமானம் சிதறியது. இருக்கையோடு கட்டுண்டபடியே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவள் காட்டுக்குள் விழுந்தாள். விமானத்தில் இருந்த 92 பேரில் உயிரோடு மீண்டவள் அவள் ஒருத்தியே. கழுத்தெலும்பு முறிந்திருந்தது. மூக்குக்கண்ணாடி போய்விட்டது. காலில் ஒற்றைச் செருப்பு. உடுத்தியிருந்தது கை இல்லாத மெல்லிய ஆடை. கிடைத்த உணவு ஒரு பை மிட்டாய்.

அந்த மிட்டாய் சில நாளில் தீர்ந்தது. தீராதது வேறொன்று. அவளுடைய பெற்றோர் விலங்கியல் அறிஞர்கள். காட்டிலேயே ஆராய்ச்சி நிலையம் அமைத்து வாழ்ந்தவர்கள். காட்டில் வழி தவறினால் நீரோட்டத்தைத் தேடு. அது ஓடும் திசையிலே செல். சிற்றோடை ஆற்றில் சேரும். ஆற்றங்கரையில் மனிதர் இருப்பர் என்று தந்தை அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார். அவள் ஒரு சிற்றோடையைக் கண்டாள். அதன் வழியே நடந்தாள். கரையோரத்து ஆழமற்ற நீரில் திருக்கை மீன்கள் மறைந்திருக்கும் என்பதை அறிந்திருந்ததால், ஆறு பெரிதானதும் நடுவில் நீந்திச் சென்றாள். கையில் இருந்த புண்ணில் புழு வைத்துவிட்டது. பத்தாம் நாள் கரையில் ஒரு படகையும் குடிலையும் கண்டாள். வீட்டு நாய்க்குப் புண் வந்தபோது தந்தை மண்ணெண்ணெய் ஊற்றியது அவள் நினைவுக்கு வந்தது. அங்கிருந்த பெட்ரோலைப் புண்ணில் ஊற்றிப் புழுக்களை வெளியேற்றினாள். மறுநாள் மரம் வெட்டுவோர் வந்து அவளைக் காப்பாற்றினர். பின்னாளில் அவளும் விலங்கியல் அறிஞரானாள்.

கற்றுக் கொடுத்த சொல் எத்தனை நாளைக்கு என்று கேட்டால், பெரு நாட்டுக் காட்டில் அது பதினொரு நாளைக்கு வந்தது என்று நான் விடை கூறுவேன்.

அடுத்த ஆண்டே, 1972 அக்டோபர் 13 ஆம் நாள், உருகுவே நாட்டு விமானம் ஒன்று 45 பேருடன் ஆண்டீஸ் மலைப் பனியில் விழுந்தது. எட்டு நாளில் தேடுதல் கைவிடப்பட்டது. அச்செய்தியை விமானத்தில் இருந்தவர்கள் ஒரு சிறு டிரான்சிஸ்டர் வானொலியிலேயே கேட்டனர். வெண்பனியில் கிடந்த வெள்ளை விமானம் மேலே பறந்தவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. உணவின்மையால் அவர்கள் அடைந்த கொடுமையை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. அவர்கள் செய்துகொண்ட கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இருக்கையின் உலோகத் தகட்டை வெயிலில் சாய்த்து வைத்துப் பனியை உருக்கிக் குடிநீர் சேர்த்தனர். விமானத்தின் வெப்பக்காப்புத் துணியைத் தைத்து உறங்கும் பை செய்தனர். சிறுவயதில் தாயிடம் தையல் கற்றிருந்த ஓர் இளைஞர் அவ்வேலையை மேற்கொண்டார். அந்தப் பையின் துணையால் இருவர் பத்து நாள் மலை கடந்து நடந்து உதவி கொண்டு வந்தனர். 72 நாட்களுக்குப் பின் 16 பேர் வீடு திரும்பினர். லிண்ட்பர்க் ஊசியையும் நூலையும் விட்டுச் செல்லாதது ஏன் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

இனி நம் காலத்திற்கு வருவோம். லிண்ட்பர்க் தம் மூட்டையோடு இன்றைய விமான நிலையத்திற்கு வந்தால் என்ன ஆகும்? 2001 செப்டம்பர் 11 ஆம் நாளுக்குப் பின் கத்திக்கும் வாளுக்கும் கைப்பையில் இடமில்லை. தீப்பந்தமும் தீக்குச்சியும் நம் நாட்டில் அனுமதிக்கப்படா. 2006 ஆகஸ்டு மாதம் லண்டனில் வெளிப்பட்ட சதிக்குப் பின், பல நாடுகளில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவத்தைக் கைப்பையில் கொண்டு செல்வதற்குத் தடை வந்தது. ஆகவே அவருடைய தண்ணீரும் வாசலிலேயே கொட்டப்படும். எஞ்சுவன கைவிளக்கும் நூலுமே.

அதற்கு மேலும் ஒரு விதி உண்டு. வெளியேறும் வழிகளில் பாதி அடைபட்டிருந்தாலும், நிறைந்த விமானத்திலிருந்து அனைவரும் 90 வினாடிகளில் வெளியேற முடிய வேண்டும் என்ற அளவுகோலின்படியே பெரிய விமானங்கள் சோதிக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் ஒருவன் மேல் தட்டிலிருந்து பையை எடுக்க நின்றால், பின்னால் நிற்பவன் உயிருக்கு உலை வைக்கிறான். 2024 ஜனவரி 2 ஆம் நாள் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பானியப் பிரயாணி விமானம் ஒன்று, கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். ஆனால் பிரயாணி விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினர். பைகளை விட்டுவிட்டு, பணியாளர் சொற்படி வரிசையாக இறங்கினர். பின்னர் விமானம் முழுவதும் எரிந்து போயிற்று.

ஆகவே, கைப்பையில் எதை வைப்பது என்று கேட்கும் என் மாணவர்களுக்கு நான் இரண்டு பட்டியல்கள் சொல்வேன்.

முதலாவது, உடலோடு இருக்க வேண்டியது. கழன்று விடாத மூடிய காலணி, கையையும் காலையும் மூடும் பருத்தி உடை, பாஸ்போர்ட், அன்றாடம் உண்ணும் மருந்தில் சில நாளைக்கு உரியது, சட்டைப் பையில் அடங்கும் கைவிளக்கும் ஊதலும். கண்ணாடி அணிபவர் அதற்கு ஒரு கயிறு கட்டிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, பையில் இருக்க வேண்டியது. இது விபத்துக்காக அன்று, தாமதத்திற்காக. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய வான்வழிகள் பல நாள் மூடப்பட்டு, எண்ணற்ற பிரயாணிகள் விமான நிலையங்களிலேயே தங்க நேர்ந்தது. அத்தகைய துன்பமே உங்களுக்கு நேரக்கூடியது. மருத்துவர் சீட்டோடு கூடிய மருந்து, காலிப் பாட்டில் ஒன்று, கெடாத தின்பண்டம், ஒரு சால்வை, மாற்று உடை, முக்கியமான முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் எழுதிய தாள், கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்க் ஆகியவை போதும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைப்பதற்குத் தடை உண்டு. அந்த மின்கலம் தீப்பற்றினால், கண்ணெதிரே இருந்தால்தானே அணைக்கலாம்? இவை அனைத்தையும், ஆபத்து வந்தால், திரும்பிப் பாராமல் விட்டுவிட வேண்டும்.

இவ்விரு பட்டியல்களுக்கும் மேலானது ஒன்று உண்டு. அதற்கு எடை இல்லை. எந்தச் சோதனைச் சாவடியும் அதைப் பறிப்பதில்லை. இருக்கையில் அமர்ந்ததும், வெளியேறும் கதவு எத்தனை வரிசைக்கு அப்பால் என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகை சூழ்ந்தால் கை தடவிச் செல்ல அந்த எண் உதவும். பணிப்பெண் பேசும்போது, ஏற்கெனவே கேட்டதுதானே என்று ஜன்னலுக்கு வெளியே பாராதீர்கள்.

பழமொழி சொன்ன முன்னோர் அறியாமற் சொன்னவர் அல்லர். கற்றுக் கொடுத்த சொல், கொடுத்தவனுடைய சொல்லாகவே இருக்கும் வரையில், அது கட்டுச்சோற்றைப் போல விரைவில் தீர்ந்துதான் போகும். கொமொரோஸ் கடலில் அதுதான் நிகழ்ந்தது. கேட்டவர் அதைத் தம் சொல்லாக்கிக் கொண்டால், கண்ணாடியும் செருப்பும் போன பின்னும் அது நின்று வழிகாட்டும். பெரு நாட்டுக் காட்டில் தந்தை உடன் இல்லை. அவர் சொல் இருந்தது. ஆசிரியன் செய்யக் கூடியது சொல்வது ஒன்றே. அதை நாள்பட வைத்துக் காப்பது, மாணவச் செல்வங்களே, உங்கள் பொறுப்பு.